பார்ம்.டி மாணவரின் கவுன்சலிங் திறனை வேறு நாட்டு மதிப்பெண் தாளால் அளக்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் கல்லூரியில் பார்ம்.டி (மருந்தாளராகப் படிக்கும் பட்டப்படிப்பு) ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் முப்பது பேருக்கு நோயாளி கவுன்சலிங் தேர்வு, அதாவது மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று நோயாளிக்கு விளக்கிச் சொல்லும் தேர்வு, வைத்தீர்கள். மதிப்பெண் தாள் ஒரு பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தில் பயன்படுவது. ஒரு வரிகூட மாற்றாமல் எடுத்துக்கொண்டீர்கள். மருந்து பற்றிய வரிகளில் நன்றாகச் செய்தவர்களே ‘நோயாளியைப் பெயர் சொல்லி அழைத்தார்’, ‘கண்ணைப் பார்த்துப் பேசினார்’, ‘நோயாளியின் உணர்வைப் புரிந்துகொண்டதை வாய்விட்டுச் சொன்னார்’ என்ற வரிகளில் மதிப்பெண் இழந்து, பாதிக்கு மேல் தோற்றுவிட்டார்கள். தாளைத் திருத்தினால் தரத்தைக் குறைத்தது போல ஆகிவிடுமோ என்பது உங்கள் தயக்கம். அந்தத் தாளில் எது திறன், எது அந்த ஊர்ப் பழக்கம் என்று பிரித்துக் காட்ட முடியுமா என்பதுதான் உண்மையில் உங்கள் கேள்வி என்று புரிந்துகொள்கிறேன்.

முடியும். திருத்தவும் வேண்டும். ஆனால் சில வரிகளில் கை வைக்கவே கூடாது. எவை என்று சொல்லுமுன் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பொது மருத்துவ வார்டில் பார்ம்.டி மாணவர்களோடு பதினைந்து ஆண்டுக்கு மேல் நின்றிருக்கிறேன். நடுவே நான்கு ஆண்டுகள் மலேசியாவில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுத்து, தேர்வாளராகவும் இருந்தேன். குழந்தைகள் வார்டிலும் மனநல வார்டிலும் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே வேலை செய்பவர்கள் நான் சொல்வதில் சிலவற்றை வேறு மாதிரி சொல்லக்கூடும்.

இந்தத் தேர்வு முறை ஏன் வந்தது என்று ஒரு நிமிடம் பார்ப்போம். வார்டில் ஒரு நோயாளியின் படுக்கையருகே நிறுத்திக் கேள்வி கேட்கும் பழைய முறையில் மாணவரின் அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு இருந்தது. ஒருவருக்கு வாயாடி நோயாளி, இன்னொருவருக்கு வாயே திறக்காதவர். ஒருவருக்குக் கண்டிப்பான தேர்வாளர், இன்னொருவருக்கு இளகிய மனசுக்காரர். 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் உடன் பணியாற்றியவர்களும் இதற்கு மாற்றாக ஒன்றைச் சொன்னார்கள். பல ஸ்டேஷன்கள், அதாவது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மேஜை, ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள், எல்லா மாணவருக்கும் ஒரே நோயாளி, ஒரே மதிப்பெண் தாள். நாம் ஆஸ்கி என்று சொல்வது இதைத்தான். மருத்துவ மாணவர்களுக்காக வந்தது, பிறகு பார்மசிக்கும் வந்தது. இந்தியாவில் பார்ம்.டி படிப்பே 2008-இல்தான் தொடங்கியது என்பதால், நம் கல்லூரிகள் பலவற்றில் மாணவரை நோயாளியோடு பேசவைத்து மதிப்பெண் போடும் பழக்கம் இன்னும் இளசு. அதனால் கையில் கிடைக்கும் வெளிநாட்டுத் தாளை எடுத்துக்கொள்கிறோம். ஆஸ்கியின் அமைப்பு எந்த ஊருக்கும் பொருந்தும். அதில் எழுதியிருக்கும் வரிகள் அப்படியல்ல. அவை ஓர் ஊரின் நோயாளியை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

முதல் வரியையே எடுங்கள். ‘பெயர் சொல்லி அழைத்தார்.’ இதில் இரண்டு நோக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சரியான ஆளுக்குச் சரியான மருந்து போகிறதா என்று உறுதி செய்வது ஒன்று. அன்பாகப் பேசுவது இன்னொன்று. இருபத்திரண்டு வயதுப் பெண் எழுபது வயதுப் பெரியவரை ‘முருகேசன், எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டால் நம் ஊரில் அது அன்பாகப் படாது. ‘அய்யா, எப்படி இருக்கீங்க?’ என்பதுதான் அன்பு. ஆனால் ஆளை உறுதி செய்யும் பாதி எந்த ஊரிலும் கைவிட முடியாதது. ஒருமுறை எங்கள் வார்டில் இதை நேரிலேயே பார்த்தேன். நோயாளி மயக்கத்தில் இருந்தார், பக்கத்தில் அவர் மனைவி. மாணவர், ‘அம்மா, இவரோட பேரு என்னம்மா?’ என்று கேட்டார். அந்த அம்மா வாய் திறக்கவில்லை. முந்தானையில் முடிந்துவைத்திருந்த ஓ.பி. சீட்டை அவிழ்த்து, சுருக்கம் நீவி, பெயர் எழுதிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். கணவர் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லாத தலைமுறை. மாணவர் சீட்டைப் பார்த்துப் பெயரைத் தானே வாசித்து, வயதையும் ஊரையும் கேட்டு, கேஸ் ஷீட்டோடு ஒத்துப் பார்த்துக்கொண்டார். ஆளை உறுதி செய்யும் வேலையை இதைவிட நன்றாகச் செய்ய முடியாது. ஆனால் உங்கள் தாளின்படி அவருக்குப் பூஜ்யம். ஆகவே அந்த வரியை இரண்டாகப் பிளந்துவிடுங்கள். ‘இரண்டு அடையாளங்களைக் கொண்டு ஆளை உறுதி செய்தார்’ என்பது கட்டாய வரி. ‘வயதுக்கும் உறவுக்கும் ஏற்ற முறையில் அழைத்தார்’ என்பது வேறு வரி. இரண்டாவதிலும் கவனம் வேண்டும். ஐம்பது வயதுப் பெண்ணைப் ‘பாட்டி’ என்று அழைத்த மாணவருக்கு நான் மதிப்பெண் போடவில்லை. அந்த அம்மா அதற்குப் பிறகு ஒரு கேள்விக்கும் முகம் கொடுத்துப் பதில் சொல்லவில்லை.

கண்ணைப் பார்த்துப் பேசும் வரியை நான் எடுத்தே விடுவேன். நோயாளி முகத்தை மாணவர் கவனித்தாரா என்பதுதான் தேவை. வலியில் முகம் சுளிப்பதையும் குழப்பத்தில் புருவம் சுருங்குவதையும் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாரா? பார்வையைத் தாழ்த்தியபடியே இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணையே பார்த்துக்கொண்டு மனப்பாடம் ஒப்பிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்ததுதான் உயிர் போகிற இடம். உங்கள் தாளில் ‘நோயாளிக்குப் புரிந்ததா என்று சரிபார்த்தார்’ என்று ஒரு வரி இருக்கும். நம் மாணவர்கள் பெரும்பாலும் இதில் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். எனக்குக் கவலை தருவது அவர்கள் தோற்ற வரிகளைவிட, ஜெயித்த இந்த வரிதான். ‘புரிஞ்சுதா அய்யா?’ என்று கேட்டால் நம் ஊரில் யாரும் ‘புரியல’ என்று சொல்வதில்லை. ‘சரிங்க’ என்று தலையாட்டுவார்கள். அது உங்களுக்குக் கொடுக்கும் மரியாதை, புரிந்ததற்கு அடையாளம் கிடையாது. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதிய ஒரு பெரியவரை மறக்க மாட்டேன். இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் போட்டால் ரத்த அணுக்கள் விழுந்து உயிருக்கே ஆபத்து. மாணவி ‘வாரம் ஒரு தடவை’ என்று தெளிவாகச் சொன்னாள். அவர் தலையாட்டினார். ‘வீட்ல அம்மா கேட்டாங்கன்னா எப்படிப் போடணும்னு சொல்லுவீங்க?’ என்று நான் கேட்டேன். ‘தினம் ஒண்ணு, ஒரு வாரத்துக்கு. அப்புறம் வந்து காட்டணும்’ என்றார். ‘வாரம் ஒரு தடவை’ அவர் காதில் ‘ஒரு வாரத்துக்கு’ என்று விழுந்திருக்கிறது. மாணவி மறுபடி உட்கார்ந்தாள். ‘அய்யா, உங்களுக்குப் பிடிச்ச கிழமை ஒண்ணு சொல்லுங்க’ என்றாள். அவர் யோசிக்காமல், ‘பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது, புதன்கிழமைன்னு வச்சுக்கம்மா’ என்றார். கவரின் மேல் பெரிதாகப் ‘புதன் மட்டும்’ என்று எழுதிக் கொடுத்தாள். அடுத்த மாதம் வந்தபோது கேட்காமலே ‘புதன்’ என்றார்.

அன்றிலிருந்து என் தாளில் அந்த வரி மாறிவிட்டது. ‘சரிபார்த்தார்’ என்று மாணவரின் செயலுக்கு மதிப்பெண் போடுவதில்லை. ‘எந்தக் கிழமை என்று நோயாளி தன் வாயால் சொன்னார்’ என்று நோயாளியின் பக்கத்திலிருந்து போடுகிறேன். எந்த வழியில் அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார் என்பது மாணவரின் பாடு. உங்கள் கேள்விக்கு என் பதிலின் மையம் இதுதான். மருந்து பாதுகாப்பாக உள்ளே போக நோயாளிக்கு என்ன தெரிந்திருக்க வேண்டுமோ, அது எந்த நாட்டிலும் ஒன்றே. அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் பேச்சு ஊருக்கு ஊர் மாறும். தாள் முதலாவதை அளந்தால் நாடு தாண்டியும் நிற்கும். இரண்டாவதை அளந்தால் எழுதிய ஊரிலேயே நின்றுவிடும்.

கவுன்சலிங்கில் பல நாடுகளில் கற்றுத்தரும் மூன்று கேள்விகள் உண்டு: இந்த மருந்து எதற்கு என்று டாக்டர் சொன்னார், எப்படிச் சாப்பிடச் சொன்னார், என்ன எதிர்பார்க்கலாம் என்று சொன்னார். அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கான அரசு மருத்துவச் சேவையில் உருவானவை இவை. நோயாளிக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து தொடங்கும் அருமையான முறை. ஆனால் நம் ஓ.பி.யில் முதல் கேள்விக்கு ‘டாக்டர் ஒண்ணும் சொல்லலீங்க’ என்றே பதில் வரும். பல நேரம் டாக்டர் சொல்லியிருப்பார்; தவறாகச் சொல்லிவிடுவோமோ, டாக்டரைக் குறை சொன்னதாக ஆகுமோ என்று பயந்து அப்படிச் சொல்வார்கள். அந்தப் பதிலோடு நின்றுவிடாமல் ‘பரவாயில்லம்மா, உங்களுக்கு என்ன தொந்தரவுன்னு வந்தீங்க?’ என்று சுற்றி வரத் தெரிந்த மாணவருக்குத்தான் நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

பேச்சு முறை ஒருபுறம் இருக்கட்டும். வெளிநாட்டுத் தாளில் இல்லாமல் போகும் மருந்து விஷயங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இன்சுலினைப் பாருங்கள். பிரிட்டனில் குப்பியில் வருவது மில்லிக்கு 100 யூனிட். நம் கடைகளில் 40 யூனிட் குப்பியும் உண்டு, 100 யூனிட் குப்பியும் உண்டு. அதற்கேற்ப சிவப்பு மூடி ஊசியும் ஆரஞ்சு மூடி ஊசியும் தனித்தனி. 100 யூனிட் குப்பியிலிருந்து 40-க்கான சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் அரை மில்லி வரும். அதாவது 50 யூனிட் உடம்புக்குள் போகும். இரண்டரை மடங்கு. இரவு போட்டுவிட்டுப் படுத்தவர் காலையில் எழாமல் போகலாம். மாற்றி, 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி ஊசியில் இழுத்தால் 20-க்கு 8 யூனிட்தான் போகும், சர்க்கரை இறங்கவே இறங்காது. உங்கள் தாளில் குப்பியையும் ஊசியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வரி இருக்கிறதா? இருக்க வாய்ப்பில்லை. அங்கே எழுதுகிறவருக்கு அந்தக் கவலை வராது. வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்ற கேள்வியும் இருக்காது. நம் ஊரில் மண்பானைத் தண்ணீருக்கு நடுவில் இன்சுலின் வைக்கும் முறையை மாணவர் சொல்லித்தர வேண்டும்.

இன்ஹேலரும் அப்படித்தான். நம் நோயாளி கையில் பெரும்பாலும் ரோட்டாஹேலர், அதாவது கேப்ஸ்யூலைப் போட்டு அதிலுள்ள மருந்துப் பொடியை வாயால் இழுக்கும் கருவி, இருக்கும். அதில் வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். அமுக்கி அடிக்கும் பஃப்பில் மெதுவாக இழுக்க வேண்டும். பஃப்புக்கு எழுதிய தாளை வைத்து ரோட்டாஹேலர் ஸ்டேஷனில் மதிப்பெண் போட்டால், சரியாகச் செய்த மாணவருக்குக் குறையும். அதோடு அந்த கேப்ஸ்யூலை மாத்திரை என்று நினைத்துத் தண்ணீரோடு விழுங்கிவிடும் நோயாளிகளை எங்கள் வார்டில் பார்த்திருக்கிறேன். ‘இது முழுங்குறது இல்ல’ என்று சொன்னாரா என்பது எங்கள் தாளில் ஒரு வரி.

பிறகு சூடு, குளிர்ச்சி, பத்தியம். ‘இந்த மாத்திரை ரொம்பச் சூடு’ என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள், அல்லது சூடு தணியப் பாலோடு சாப்பிடுவார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைப் பாலோடு சாப்பிட்டால் பாலில் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சரியாகச் சேராது. ‘சூடுன்னெல்லாம் ஒண்ணும் கிடையாது’ என்று அடித்துப் பேசும் மாணவர் பாடப்படி சரி, பலன் பூஜ்யம். ‘மாத்திரையைத் தண்ணியில போடுங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பால் குடிங்க’ என்று சொல்பவர் நோயாளியையும் மருந்தையும் சேர்த்துக் காப்பாற்றுகிறார். ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் சாப்பிடுபவர் ‘பத்தியம் உண்டா?’ என்று கேட்கும்போது, ‘கீரையே ஆகாது’ என்று சொல்லிவிடுவது சுலபம். அது தவறு. வாரா வாரம் ஏறத்தாழ ஒரே அளவில் கீரை இருந்தால் போதும், திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ கூடாது என்பதுதான் சரி. பத்தியக் கேள்விக்கு மாணவர் என்ன சொல்கிறார் என்பதை அளக்காத தாள் தமிழ்நாட்டில் பாதித் தாள்.

மலேசியாவில் எனக்கு இதன் மறுபக்கம் தெரிந்தது. அங்கே சர்க்கரை நோயாளியிடம் நோன்பு மாதம் நெருங்கும்போது ‘நோன்பு வைக்கப் போகிறீர்களா?’ என்று கேட்பது முதல் வரியாக இருந்தது. இந்தியாவிலிருந்து வந்து சேர்ந்த நல்ல மாணவர்கள் சிலர் அதைக் கேட்காமலே ‘காலை, இரவு சாப்பாட்டுக்கு முன்’ என்று சொல்லி முடித்தார்கள். மாத்திரை பற்றிய அறிவில் குறை இல்லை. ஆனால் பகல் முழுக்கச் சாப்பிடாத ஒருவர் விடியற்காலையில் முழு அளவு போட்டால் மதியம் சர்க்கரை இறங்கி விழுவார் என்பது அவர்கள் மனதில் ஓடவில்லை. கேப்ஸ்யூலின் ஜெலட்டின் எதிலிருந்து வருகிறது, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் எனாக்சபாரின் ஊசி பன்றியிலிருந்து எடுப்பதா என்ற கேள்விகளும் அங்கே சாதாரணமாக வரும். இவற்றை அந்த ஊர்ப் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. பதில் தெரியாவிட்டால் நோயாளி மருந்தை நிறுத்திவிடுவார்.

இப்போது கை வைக்கக் கூடாத வரிகள். ‘நம்ம ஊர்ல இதையெல்லாம் கேட்க மாட்டோம்’ என்று மாணவர்கள் மட்டுமல்ல, ஆசிரியர்களும் சொல்வார்கள். குடிப்பழக்கம், மாதவிடாய் தள்ளிப்போனதா, கர்ப்பமா, நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்ற கேள்விகள். வலிப்புக்கு வால்ப்ரோயேட் வாங்க வந்த புதிதாகக் கல்யாணமான பெண்ணிடம் கர்ப்பம் பற்றிக் கேட்காமல் அனுப்பினால், பிறக்கும் குழந்தைக்கு முதுகெலும்புக் குறைபாடு வரக்கூடும். மாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்பது கேட்காமல் விடக் காரணம் ஆகாது. ‘எல்லார்கிட்டயும் ரெண்டு கேள்வி தனியா கேட்போம்மா, ஒரு நிமிஷம் இப்படி வாங்க’ என்று கூப்பிடத் தெரிந்திருப்பதுதான் இந்த ஊருக்கான திறன். அதே சமயம் மாமியாரை முழுக்க வெளியே நிறுத்தவும் கூடாது. வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் அவராகக்கூட இருக்கலாம். தனியாகக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, எப்போது எத்தனை மாத்திரை என்பதை இருவருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த வரியைத் திருத்தினால்தான் தரம் குறையும்.

மொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நடிப்பு நோயாளியோடு, அதாவது தேர்வுக்காக நோயாளி போல நடிப்பவரோடு, ஆங்கிலத்தில் பேசவைத்து வாங்கிய மதிப்பெண், மாணவர் நாளை அரசு மருத்துவமனை மருந்து ஜன்னலில் நின்று பேசப் போவதைப் பற்றி அதிகம் சொல்லாது. தமிழிலேயே வையுங்கள். கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்த மாணவர்களுக்கு, பக்கத்தில் ஒரு நர்ஸையோ உறவினரையோ மொழிபெயர்ப்பவராக வைத்து ஒரு ஸ்டேஷன் கொடுங்கள். மொழிபெயர்ப்பவர் வழியாகப் பேசும்போது நோயாளியைப் பார்த்துப் பேசுவது, சொன்னது முழுதும் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது, இதெல்லாம் எங்கே வேலைக்குப் போனாலும் வேண்டியிருக்கும்.

அளவை பற்றி உறுதியானது எது, என் கருத்து மட்டும் எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஸ்டேஷனை வைத்து ஒரு மாணவரைத் தேர்ச்சி, தோல்வி என்று முடிவு செய்யக் கூடாது என்பது உறுதி. இன்சுலினில் சிறப்பாகச் செய்தவர் இன்ஹேலரில் தடுமாறுவது சகஜம். பல ஸ்டேஷன்கள், பல தேர்வாளர்கள் இருந்தால்தான் மதிப்பெண்ணை நம்பலாம். இன்னொரு நாட்டின் தேர்ச்சி மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் உறுதி. தேர்வாளர்கள் ஒவ்வொரு மாணவரையும் ‘தேறுவார், தேறமாட்டார், எல்லையில் நிற்கிறார்’ என்று தனியாகக் குறித்து, எல்லையில் நிற்பவர்கள் வாங்கிய மதிப்பெண்ணிலிருந்து கோட்டை இங்கேயே போட வேண்டும். அங்கே 65 வாங்கியவரும் இங்கே 65 வாங்கியவரும் சமம் என்றும் சொல்ல முடியாது. உங்கள் மூன்றாவது வரி, அனுதாபத்தை வாய்விட்டுச் சொல்வது, சந்தேகமான இடம். ‘உங்க கஷ்டம் எனக்குப் புரியுது’ என்ற வாக்கியத்தை நம் மாணவர்கள் சொல்லும்போது பல நேரம் அது மொழிபெயர்ப்பு போல விழுகிறது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ‘உக்காருங்கம்மா, நின்னுக்கிட்டே இருக்கீங்க’ என்பது நன்றாக வேலை செய்கிறது. அது என் கண்ணால் பார்த்தது, என் கருத்து. அனுதாபத்தை எண்ணால் நம்பகமாக அளக்கலாம் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆகவே அதை ஒட்டுமொத்த மதிப்பீட்டில் நடிப்பு நோயாளியே போடும்படி விட்டிருக்கிறேன்: ‘இவரிடம் மறுபடி வந்து சந்தேகம் கேட்பீர்களா?’

அந்த முப்பது பேரின் முடிவை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். உங்கள் தாளை எடுத்துக்கொண்டு மருந்து ஜன்னலில் பல வருடம் நின்ற ஒரு பார்மசிஸ்ட்டோடும் ஒரு வார்டு நர்ஸோடும் ஒரு மாலை உட்காருங்கள். ஒவ்வொரு வரிக்கும், ‘இது இல்லாவிட்டால் நோயாளிக்கு என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். பதில் இல்லாத வரியை அடித்துவிடுங்கள். பதில் இருக்கிற வரியை நோயாளி வாயிலிருந்து வர வேண்டியதாகத் திருப்பி எழுதுங்கள். நடிப்பு நோயாளிகளிடம் ஒன்று கட்டாயம் சொல்லிவையுங்கள்: மாணவர் என்ன சொன்னாலும் முதலில் ‘சரிங்க’ என்று தலையாட்ட வேண்டும். பிறகு இன்சுலின் ஸ்டேஷன் ஒன்றைத் தமிழில் வைத்து, மேஜையில் 100 யூனிட் குப்பியையும் சிவப்பு மூடி ஊசியையும் போட்டு, முப்பது பேரையும் திரும்ப அனுப்புங்கள். அந்த ஸ்டேஷனுக்கு என் முதல் வரி இப்படி இருக்கும்: ‘இந்த ஊசி இந்தக் குப்பிக்குச் சேராது என்று நோயாளி தன் வாயால் சொன்னார்.’